டயருக்குள்ள என்ன தண்ணி?

டிராக்டரோட பெரிய டயருக்குள்ள காத்து மட்டும்தான் இருக்கும்னு பட்டணத்து நண்பர்கள் நிறைய பேர் நினைச்சிட்டு இருக்காங்க. காத்தோட தண்ணியும் இருக்கும். பின் டயர் வால்வை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அந்த மட்டம் வரைக்கும் ஊத்தினா டயர்ல முக்கால்வாசி நிறையும். மேல மிச்சம் இருக்கிற இடத்துக்குத்தான் காத்து. எங்க வண்டி மாதிரி நடுத்தர வண்டிக்கு ஒரு டயருக்கு 150, 200 லிட்டர் பிடிக்கும். அந்தக் கனம் இல்லேன்னா காஞ்ச கரிசல்ல கலப்பையை இறக்கினதும் சக்கரம் நின்ன இடத்துலயே சுத்தும். டீசல்தான் தீரும். தொளி உழவுக்கு இது நேர்மாறு. சேத்துல கனம் கூடுனா வண்டி புதைஞ்சிரும், அதனால அப்போ தண்ணியை இறக்கிருவோம்.

போன ஐப்பசியில, பிசான நடவுக்கு முன்னாடி, அதைத்தான் செஞ்சேன். ஜாக்கி போட்டுத் தூக்கி, வால்வைக் கீழே திருப்பி, பின்னைக் கழட்டி விட்டாச்சு. தொழுவத்து ஓரமா தண்ணி தேங்கி நின்னுச்சு. நான் அடுத்த டயருக்குப் போறதுக்குள்ள பசு கயித்தை இழுத்துக்கிட்டு வந்து அதுல வாயை வச்சிருச்சு. அப்போ நான் அதைப் பெருசா எடுத்துக்கலை.

சாயங்காலம் கனடாவுல இருக்கிற தங்கச்சி மகன் பேசினான். சும்மா சொன்னேன். "மாமா, அது வெறும் தண்ணிதானா?"ன்னு கேட்டான். அங்கே பனிக்காலத்துல வெறும் தண்ணி ஊத்தினா உறைஞ்சு போகுமாம். அதனால கால்சியம் குளோரைடு உப்பைக் கரைச்சு ஊத்துறாங்க. சரியா கலந்தா மைனஸ் 40 டிகிரியிலயும் உறையாது, தண்ணியை விடக் கனமும் அதிகம். ஆனா டியூப் கசிஞ்சா ரிம்மைத் தின்னுரும். சிலர் ரேடியேட்டருக்கு ஊத்துற கூலண்ட்டையே ஊத்துவாங்க. அதுல இருக்கிற எத்திலீன் கிளைக்கால் இனிப்பா இருக்கும். மாடு, நாய் எல்லாம் விரும்பிக் குடிக்கும், குடிச்சா கிட்னி போயிரும்.

எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. வண்டி ரெண்டு கை மாறி வந்தது. முன்னாடி இருந்தவங்க என்ன ஊத்தினாங்கன்னு யாருக்குத் தெரியும்? வால்வு ஓட்டையைச் சுத்தி வெள்ளையா வேற பூத்திருந்துச்சு. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். "பசுவைக் கண்ணுல வச்சிக்கிடுங்க அண்ணாச்சி. நடை தள்ளாடுனா, இரை எடுக்கலேன்னா உடனே சொல்லுங்க"ன்னார்.

இன்னொரு டயர்ல தண்ணி அப்படியே இருந்துச்சு. வால்வைக் கொஞ்சம் கீழே இறக்கி, பின்னை அமுக்கி, ஒரு லிட்டர் பாட்டில்ல பிடிச்சேன். (இதுக்கு முகத்தை நேரா வைக்கக் கூடாது, பீச்சி அடிக்கும். நாக்குல வச்சுப் பாக்கவும் கூடாது.) மளிகைக் கடைத் தராசுல நிறுத்தோம். அதே பாட்டில்ல எங்க போர் தண்ணியைப் பிடிச்சும் நிறுத்தோம். ரெண்டும் ஒரே எடை. கெட்டியான உப்புக் கரைசலா இருந்தா லிட்டருக்கு 200, 300 கிராமாவது கூட நின்னிருக்கும். வால்வுல பூத்திருந்த வெள்ளையைச் சுரண்டித் தட்டுல வச்சேன். கால்சியம் குளோரைடுன்னா காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துத் தானே நசநசத்துப் போகும். அந்த மழைக்காத்துலயும் அது சுண்ணாம்புப் பொடியா காஞ்சே கிடந்துச்சு. எங்க போர் தண்ணி குடத்துல படிய விடுற அதே காரைதான்.

கூலண்ட் சந்தேகம் மட்டும் மிச்சம். மைத்துனி வீட்டு ஃப்ரிட்ஜுல மேல் பெட்டியில பாட்டிலை முக்கால் மட்டும் நிரப்பி வச்சேன். கெட்டியா கூலண்ட் கலந்திருந்தா அது கட்டியாகாது.

ராத்திரி தொழுவத்துலயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். மலைப் பக்கம் மின்னிக்கிட்டே இருந்துச்சு. பசு அசை போடுற சத்தம் நின்னா எழுந்து உக்காருவேன், திரும்பக் கேட்டா படுப்பேன். அஞ்சு மணிக்கு மைத்துனி கதவைத் தட்டினேன். பாட்டில் கல்லு மாதிரி இருந்துச்சு. வெறும் தண்ணி.

டயர் தண்ணியைச் சாப்பாட்டுச் சாமான் பக்கத்துல வச்சதுக்கு மைத்துனிகிட்ட இன்னும் பேச்சு வாங்கிட்டு இருக்கேன். அந்த டியூப்பை மாத்தி, ரிம்மைச் சுரண்டிப் பெயிண்ட் அடிச்சாச்சு. தை அறுப்பு முடிஞ்சு திரும்ப நிரப்பும்போது போர் தண்ணி வேண்டாம்னு குளத்துத் தண்ணியை வடிகட்டி ஊத்தினேன். மட்கார்டுக்கு உள்பக்கம் 'தண்ணி மட்டும்'னு எழுதி வச்சிருக்கேன், அடுத்து இந்த வண்டியை வாங்குறவர் பாக்கட்டும்.