சுவைத்ததைச் சொல்லி வையுங்கள்

மாலை நேரத்தில் தாமல் ஏரிக்கரையில் உலவி வருவது என் அத்தாவின் வழக்கம். அவர்கள் ஓர் ஆலிம். பகலெல்லாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக் களைத்த அந்தக் குரல், கரையில் ஆளரவம் அடங்கியபின் மெல்லப் பாடத் தொடங்கும். குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்களும், இயற்றியவர் பெயர் தெரியாத முனாஜாத்துகளும் அதில் வரும். எதிரே எவரேனும் வந்துவிட்டால் பாட்டு நின்றுவிடும். உரக்கப் பாடுங்கள் என்று நான் கேட்டால், "அது எனக்காகப் பாடுவது தம்பி" என்று சிரித்துவிட்டு நடப்பார்கள்.

ஓதிக்கொடுப்பவர் பாட்டில் மயங்கலாமா என்று ஊரார் கருதுவரோ என்னும் கூச்சமே அதற்குக் காரணம் என்பதைப் பின்னாளில்தான் உணர்ந்தேன். இசை பற்றி உலமாப் பெருமக்களிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை நான் அறியாதவன் அல்லன். ஈண்டு அதனுள் புகவும் இல்லை. கருவியேதுமின்றி, இறைவனை நினைந்துருகிப் பாடியதையுங்கூட அவர்கள் மறைத்து வைத்தார்களே என்பதுதான் என் கவலை.

அத்தா மறைந்து சில திங்கள் சென்றபின், கிதாபுகள் வைத்திருந்த மரப்பெட்டியின் அடியில் ஒரு குறிப்பேடு கிடைத்தது. முழுவதும் அரபுத் தமிழ். அரபி எழுத்துகளைக் கொண்டு, தமிழுக்கே உரிய ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்து, வலமிருந்து இடமாக எழுதும் அந்த முறையை நம் முன்னோர் பல தலைமுறை போற்றி வந்தனர். இன்று அதைப் படிக்கவல்லார் அருகிவிட்டனர். நான் படித்துவிட்டேன். சொல் இருந்தது, பொருளும் விளங்கிற்று. ஆனால் மெட்டு? அதை எந்தப் புள்ளியும் காத்து வைக்கவில்லை.

அப்போது எனக்கு அபுல் ஃபரஜ் இஸ்ஃபஹானியின் நினைவு வந்தது. 10ஆம் நூற்றாண்டினரான அவர், தம் காலம்வரை அரபுலகில் வழங்கிய பாடல்களைத் தொகுத்து, 'கிதாபுல் அகானீ' என்னும் பெருநூலை ஆக்கினார். பாடல், பாடினவர் வரலாறு, பண், தாளம் ஆகிய அனைத்தையும் குறித்து வைத்தார். ஆயினும் அந்த இசையை இன்று எவராலும் மீட்டுப் பாட இயலவில்லை. குரலிலிருந்து செவிக்குச் செல்ல வேண்டியதை ஏட்டில் மட்டும் வைத்தால் இந்த நிலைதான் போலும்.

அத்தாவைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. மதரஸாவில் ஓதிய நாளில், கிதாபுக்கு அடியில் கம்பராமாயணத்தை ஒளித்து வைத்துப் படித்தவன் நான். எவரும் என்னைத் தடுத்ததில்லை; நானே அஞ்சினேன். அந்த அச்சத்தைத் தெளிவித்தவை நீதியரசர் மு. மு. இஸ்மாயிலின் நூல்கள். நாகூரில் 1921இல் பிறந்து, 1979 முதல் 1981 வரை சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாய் விளங்கிய அப்பெருமகனார், சென்னைக் கம்பன் கழகத்தின் நிறுவனத் தலைவராகவும் திகழ்ந்தார். தாம் சுவைத்த கம்பனை மேடைதோறும் எடுத்து மொழிந்தார். அதனால் அவருடைய மார்க்கப் பற்றுக்குக் குறைவொன்றும் நேர்ந்ததில்லை. அவருக்கு முன்னர், 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திக் காட்டிய செய்குத்தம்பிப் பாவலர், சீறாப்புராணத்துக்கு உரை வரைந்து பிறரும் அதன் சுவை அறியச் செய்தார். நெல்லையில் ரசிகமணி டி. கே. சி.யின் வீட்டு வட்டத்தொட்டியில் அன்பர்கள் கூடிக் கவிதை சுவைத்ததை அறியாதார் யார்?

இத்தனையும் படித்தறிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அத்தாவின் குறிப்பேடுதான் என்னைத் திறக்க வைத்தது. வியாழன்தோறும் மஃரிபுக்குப் பின் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளை அமர்த்தி, ஏட்டிலிருந்து ஒரு பாடலைப் படித்துப் பொருள் சொல்லத் தொடங்கினேன். அண்டை வீட்டுப் பட்டு நெசவாளர் ஒருவரும் வந்து அமர்வார். எழுத்து அவருக்குத் தெரியாது. அதன் வளைவுகளைப் பார்த்து மகிழ்வார். ஒருநாள் அவர் எனக்குக் கோர்வை நெசவை விளக்கினார். சேலையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்குத் தனித்தனி நாடா. கரையை இணைக்கத் தறியில் இன்னொருவர் துணை வேண்டும். "ஒத்தை ஆளால கரை சேராது ஹஜ்ரத்" என்றார். அவர் சொன்னது தறியைப் பற்றி. எனக்குப் பட்டதோ வேறு.

மூன்றாம் வாரம் ஒரு சிறுமி, "இதை எப்படிப் பாடணும் ஹஜ்ரத்?" என்று கேட்டாள். நான் விழித்தேன். அவ்வேளை வீட்டினுள்ளிருந்து ஒரு குரல் எழுந்தது. ஊரிலிருந்து வந்திருந்த என் அக்கா, அந்தப் பாடலை முதலடி தொடங்கி முடிவுவரை பாடினார். நான் திகைத்துப் போனேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "அத்தா தஹஜ்ஜுதுக்கு எழுந்து முற்றத்தில் பாடுவாங்க. நான் அடுப்படியில படுத்துக்கிட்டே கேட்பேன். யாரும் என்னைக் கேட்கலையே, அதனால சொல்லலை" என்றார்.

அந்த ஏட்டில் 41 பாடல்கள் உள்ளன. அக்காவின் நினைவில் நின்றவை ஆறு. அந்த ஆறையும் இப்போது பிள்ளைகள் பாடுகின்றனர். எஞ்சிய 35 பாடல்களின் மெட்டு ஏரிக்காற்றோடு போயிற்று.

அன்பிற்குரிய வாசகர்களே! நல்லதொரு பாடல், ஒரு கவிதை, ஓர் எழுத்தணி, இவற்றுள் எதைச் சுவைத்தாலும் அந்தச் சுவை நம்மிடம் தரப்பட்ட அமானிதமே. உரியவரிடம் சேர்த்தால்தான் அமானிதம் நிறைவேறும். பெரும் மேடை வேண்டுவதில்லை. உங்கள் வீட்டுத் திண்ணை போதும். அடுப்படியில் இருப்போரையும் மறவாது கேட்டு வையுங்கள்.