கணினி கண்ட இரண்டு தாகூர்கள்

கொல்கத்தாவில் ஒப்பிலக்கியம் பயிலும் தமிழ் மாணவி ஒருவர், இரவீந்திரநாத் தாகூரின் சிறுகதைகளைக் கணினியிடம் ஒப்படைத்தார். ஜான் பர்ரோஸ் 2002இல் வகுத்த 'டெல்டா' அளவையே அவர் கைக்கொண்ட கருவி. அது கதைப்பொருளை நோக்குவதில்லை. 'ஆனால்', 'என்று', 'அவனுடைய' போன்று அடிக்கடி வந்தும் எவர் கண்ணிலும் படாத சொற்களை எண்ணி, எழுதிய கையை இனங்காண முயல்வது.

விடை அவரைத் திகைக்க வைத்தது. 'ஹைமந்தி', 'ஸ்த்ரீர் பத்ர' (மனைவியின் கடிதம்) ஆகிய இரண்டும் 1914இல், 'சபுஜ் பத்ர' என்னும் ஒரே இதழில், சில மாத இடைவெளியில் வெளியானவை. கணினியோ அவற்றை இருவேறு ஆசிரியர்களின் கதைகள்போல் விலக்கி வைத்திருந்தது.

காரணம் விரைவில் புலப்பட்டது. முதற்கதை 'சாது' எனப்படும் பழைய எழுத்துநடையில் அமைந்தது. இரண்டாவது 'சலித' எனப்படும் பேச்சுசார்ந்த நடையில். அங்கே 'தாஹார்' என்பது இங்கே 'தார்'. அங்கே 'கொரியா' என்பது இங்கே 'கொரே'. கணினி பிரித்தறிந்தது ஆளை அன்று, சொல்வடிவத்தை. இரு வடிவங்களையும் ஒன்றாக்கிவிட்டு மீண்டும் எண்ணலாம் என அவர் முனைந்தார்.

முனைந்தவர் இரு கதைகளையும் மறுபடி வாசித்தார். ஹைமந்தியின் கதையைச் சொல்பவன் கணவன். தன் வீட்டில் மனைவி வாடுவதைக் கண்டும் அவளைக் காக்கத் தவறியவன். கடிதத்தை எழுதுபவள் மிருணாள். மணமாகிப் பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின், இனித் திரும்புவதில்லை என்று பூரியிலிருந்து கணவனுக்கு எழுதுபவள். அவனுக்கு வாய்த்தது மரபின் மொழி. அவள் தேர்ந்தது நாவின் மொழி. வடிவங்களை ஒன்றாக்கினால் கணக்கு சீராகும். அந்த வேறுபாடோ அழிந்துபோகும்.

இன்னொன்றும் அப்போது அவர் கண்ணில் பட்டது. கணவனின் திருவடிகளை முன்னிட்ட மரபான விளியோடு தொடங்கும் அக்கடிதம், அத்திருவடி நிழலிலிருந்து அறுபட்டவள் எனப் பொருள்படும் கையொப்பத்தோடு முடிகிறது. அந்தச் சொல் கதையில் வருவது ஒரே முறை. மிகுதியாக வரும் சொற்களின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

மாணவி வடிவங்களை மாற்றவில்லை. ஆய்வேட்டில் அட்டவணையை அப்படியே சேர்த்தார். எதிர்ப்பக்கத்தில் அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றி எழுதத் தொடங்கினார்.