கிற்றார் மேல் போட்ட பழி

டிசம்பரில் கடைசிச் சோதனை முடிந்த அன்று ஒரு கொமர்ஸ் மாணவன் செய்யக்கூடிய காரியங்கள் மொத்தம் மூன்று. நித்திரை கொள்வது, சாப்பிடுவது, திரும்பவும் நித்திரை கொள்வது. ஸ்காபரோவில் இருக்கும் இந்த மூன்றாம் வருட மாணவனும் 2024 டிசம்பரில் முதல் நாலு நாளும் அதைத்தான் செய்தான். ஐந்தாம் நாள் நித்திரையும் அலுத்துவிட்டது. சிநேகிதர்களில் பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் "வெளியிலை குளிர் மச்சான்" என்று போனிலேயே குடும்பம் நடத்தினார்கள். பனி தள்ளுவதை உடற்பயிற்சி என்று கணக்கில் சேர்க்கலாம். அது கூட அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும்.

சரி, பேஸ்மென்றையாவது துப்புரவாக்குவோம் என்று அம்மாவுக்கு நல்ல பிள்ளையாய்க் கீழே இறங்கினான். அங்கேதான் ஆரம்பித்தது வினை.

ஊரில் இருந்து வந்தபோது கொண்டுவந்த சூட்கேஸ்களுக்குப் பின்னால், பழைய கம்பளிக்கு அடியில், நீளமாய் ஒரு கடதாசிப் பெட்டி. கிற்றார் ஹீரோ 3. உள்ளே கறுப்பு நிறப் பிளாஸ்ரிக் கிற்றார், பிளேஸ்ரேஷன் 2 இயந்திரம், மெமரி கார்ட், வயர்கள் எல்லாம் மடித்து றப்பர் பான்ட் போட்டபடி. வயர் இல்லாத கிற்றார் அது. அதோடு வரும் சின்ன ரிசீவர் தொலைந்தால் கிற்றார் வெறும் தடிதான். பல வீடுகளில் முதலில் தொலைவதும் அதுதான். இங்கே ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, பத்திரமாய் இருந்தது. அதைவிட ஆச்சரியம், பற்றரிகளை யாரோ கழற்றி எடுத்திருந்தார்கள். உள்ளேயே விட்டிருந்தால் பதினேழு வருடத்தில் ஊத்தி, உள்ளே எல்லாம் அரித்துப் போயிருக்கும்.

அண்ணனுடைய கிற்றார்!

இந்த வீட்டில் அந்தக் கிற்றாருக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அண்ணனுக்கும் தம்பிக்கும் பதினைந்து வயது வித்தியாசம். 2007இல் அண்ணன் கொமர்ஸ் முதல் வருடம். அந்த விடுமுறை முழுக்கக் கிற்றார் கையோடுதான் இருந்தான். ஜனவரியில் சோதனை முடிவு வந்தது. இரண்டு பாடத்தில் பெயில். அப்பாவும் அண்ணனும் கத்திய சத்தம் அடுத்த வீடு வரைக்கும் கேட்டதாம். கொஞ்ச நாளில் அண்ணன் படிப்பை விட்டுவிட்டுக் கல்கரிக்குப் போய், மின்வேலை பழகி, அங்கேயே இருந்துவிட்டான். அப்போது தம்பிக்கு நாலு வயது. அவன் அறிந்ததெல்லாம் பிறகு வீட்டில் சொன்ன கதைதான். "சோதினைக்குப் படிக்காமல் உந்தக் கிற்றாரை அடிச்சு அடிச்சே அவன் கெட்டவன்." கலியாண வீட்டிலும் பிறந்தநாள் வீட்டிலும் ஆயிரம் தரம் கேட்ட கதை. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கல்கரிக்கு எடுப்பா. அந்த நேரம் அப்பாவுக்கு வேறு அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

பேஸ்மென்றில் தூக்க ஆள் இல்லாமல் கிடந்த பழைய பெட்டி ரீவி இதற்கு அதிர்ஷ்டமாய்ப் போயிற்று. புதுத் தட்டை ரீவிகள் படத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் காட்டும். படம் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. தாளத்துக்குப் பொத்தான் அமத்துகிறவனுக்கு அது பெரிய தலையிடி. பழைய குழாய் ரீவியில் அந்தப் பிரச்சினையே இல்லை. இரண்டு பற்றரி போட்டான், வயரைக் கொழுவினான், படம் வந்துவிட்டது!

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு: கிற்றாரின் கழுத்தில் ஐந்து பொத்தான்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள், நீலம், ஒறேஞ்ச். உடம்பில் தந்திக்குப் பதிலாக ஒரு தட்டுக்கட்டை. திரையில் ஒரு றோட்டு உங்களை நோக்கி ஓடி வரும். அதில் நிற வட்டங்கள். வட்டம் கோட்டைத் தொடும் நேரம் அந்த நிறத்தை அமத்திக்கொண்டு கட்டையைத் தட்ட வேண்டும். சரியாய்த் தட்டினால் பாட்டில் கிற்றார் கேட்கும். பிழைத்தால் கிற்றார் மட்டும் நின்றுபோய் ஒரு கறகற சத்தம். கூடப் பிழைத்தால் கூட்டம் கூச்சல் போட்டு மேடையை விட்டே இறக்கிவிடும். தொடர்ந்து பத்துச் சரியென்றால் புள்ளி இரண்டு மடங்கு, இருபதுக்கு மூன்று, முப்பதுக்கு நாலு. ஒன்று பிழைத்தால் திரும்ப ஒன்று. கூட்டுவட்டி மாதிரி ஏறும், பங்குச்சந்தை மாதிரி விழும்.

'ஈஸி'யில் மூன்று பொத்தான் மட்டும். 'மீடியம்' நாலு. 'ஹார்ட்'டில் ஐந்து வந்ததும் கதை கந்தல். விரல் நாலு, பொத்தான் ஐந்து. கையை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். சின்னி விரல் சொன்னால் கேட்காது. முதல் கட்டத்தில் வரும் ஸ்லோ றைட் என்ற பாட்டையே மூன்று நாள் அடித்தான். 'பிராக்டிஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. பாட்டைத் துண்டு துண்டாய், வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பழகலாம். எல்லாம் முடிந்தபின் வரும் டிராகன்ஃபோர்ஸ் குழுவின் த்ரூ த ஃபயர் அன்ட் ஃப்ளேம்ஸ் ஏழு நிமிடத்துக்கும் மேலே. அதை 'எக்ஸ்பேட்'டில் ஒருதரம் போட்டுப் பார்த்தான். சில விநாடிகளிலேயே மேடையை விட்டு இறக்கிவிட்டார்கள். சந்தோஷம் :-)

கொமர்ஸ் படிக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. எதைக் கண்டாலும் யார் செய்தது, என்ன செலவு, யார் இலாபம் பார்த்தது என்று தேடுவான். தேடினான். இதன் மூத்த பிறவி 1990களின் கடைசியில் ஜப்பானில் கொனாமி விட்ட கிற்றார் ஃப்ரீக்ஸ். ரெட்ஒக்ரேன் என்ற சின்னக் கொம்பனியை நடத்தியவர்கள் சாள்ஸ் ஹுவாங், காய் ஹுவாங் என்ற இரண்டு சகோதரர்கள். ஆட்டங்களை வாடகைக்கு விட்டு, பிறகு நடன ஆட்டத்துக்குக் காலால் மிதிக்கும் பாய் விற்றவர்கள். 1995இல் எம்ஐடியில் படித்த இருவர் தொடங்கிய ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, சுமார் ஒரு மில்லியன் டொலர் செலவில், 2005இல் முதல் கிற்றார் ஹீரோவைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருடமே ரெட்ஒக்ரேனை அக்ரிவிஷன் சுமார் 100 மில்லியனுக்கு வாங்கியது. ஹார்மோனிக்ஸை எம்ரிவியின் தாய்க் கொம்பனி 175 மில்லியனுக்கு வாங்கியது. சேர்ந்து செய்தவர்கள் இரண்டு முதலாளிகளிடம் பிரிந்தார்கள். 2007இல் ஒரு பக்கம் கிற்றார் ஹீரோ 3, மறுபக்கம் ட்ரம்ஸும் மைக்கும் சேர்ந்த றொக் பான்ட். மூன்றாம் பாகம் ஒரு பில்லியன் டொலர் விற்பனையைத் தாண்டியதாக 2009 ஜனவரியில் அறிவிப்பு.

அதற்குப் பிறகு பேராசை. மெற்றாலிகா, வான் ஹேலன் என்று குழுக்களின் பெயரில் ஆட்டம், ஐந்தாம் பாகம், பான்ட் ஹீரோ, டிஜே ஹீரோ... எல்லாம் 2009 என்ற ஒரே வருடத்தில். ஒரு வீட்டில் எத்தனை பிளாஸ்ரிக் கிற்றார்தான் வைக்கலாம்? பொருளாதாரமும் படுத்திருந்த நேரம். 2011 பெப்ரவரியில் அக்ரிவிஷன் கிற்றார் ஹீரோ பிரிவையே மூடியது. 2015இல் இரண்டு பக்கமும் திரும்ப முயன்று பார்த்தார்கள், பழைய அலை வரவில்லை. ஹார்மோனிக்ஸை 2021இல் எப்பிக் வாங்கி, 2023 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டுக்குள்ளேயே இசை ஆட்டம் ஒன்றை வைத்தது. விளையாட்டு உண்மையில் சாகாமல் இருப்பது இரசிகர்களால். குளோன் ஹீரோ என்று இலவசமாய்க் கணினியில் ஓடும் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய கிற்றார்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். பல வீட்டில் குப்பைக்குப் போன சாமான்!

இவ்வளவையும் வாசித்துவிட்டு, பெட்டியில் ஏதாவது கையேடு இருக்குமா என்று அடிவரை கிளறியபோது ஒரு துண்டு கையில் வந்தது. கடை ரசீது. மை நன்றாய் மங்கியிருந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் திகதி தெரிந்தது. 2007 டிசம்பர் 26. பொக்சிங் டே மலிவு விற்பனை.

முதலில் ஒன்றும் தோன்றவில்லை. பெட்டியை மூடும்போதுதான் பொறி தட்டியது. டிசம்பர் 26?

டிசம்பர் சோதனைகள் நத்தாருக்கு முன்னமே முடிந்துவிடும். கிற்றார் இந்த வீட்டுக்குள் வந்தது சோதனைகள் முடிந்த பிறகு. அப்படியென்றால் "சோதினைக்குப் படிக்காமல் கிற்றார் அடிச்சவன்" என்ற பதினேழு வருடக் கதை எப்படிச் சரியாகும்? கணக்காய்வு வகுப்பில் முதல் நாள் சொல்லித் தருவது, ஆதாரம் இல்லாமல் ஒரு பதிவையும் நம்பாதே என்று. இந்த வீட்டில் இவ்வளவு காலமும் ஒரு பிழையான பதிவு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருவரும் ரசீதைப் பார்க்கவில்லை.

அன்று இரவு கல்கரிக்கு எடுத்தான்.

"டேய், அதை இப்ப ஏன் கிண்டுறாய்?" என்று அண்ணன் சிரித்தான். பிறகு கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நான் அந்த ரெண்டு சோதினைக்கும் போகவே இல்லையடா."

"போகேல்லையா?"

"கம்பஸ் வாசல் மட்டும் போனனான். உள்ளுக்குப் போக ஏலாமல் இருந்தது. பஸ்ஸிலை ஏறி, பின்னேரம் வரைக்கும் சுத்திப்போட்டு வீட்டை வந்தன். எப்பிடிப் போச்சுது எண்டு அப்பா கேட்டார். நல்லாப் போச்சுது எண்டன். பிறகு கையிலை ஏதும் இருந்தால் ஒருத்தரோடையும் கதைக்கத் தேவையில்லை எண்டுதான் அதை வாங்கினது."

"பிறகெண்டாலும் ஏன் அண்ணா நீங்கள் சொல்லேல்லை?"

"றிசல்ற்ஸ் வந்த அண்டு அப்பா கிற்றாரைத்தான் பாத்தார். உதாலைதான் எண்டார். எனக்கும் அது வசதியாப் போச்சுது. கணக்குப் படிக்கப் பிடிக்கேல்லை எண்டு சொல்லுறதை விட அது லேசு. ரெண்டு வேலை செய்து காசு கட்டின மனுசனுக்கு அதை எப்பிடிச் சொல்லுறது?"

தம்பிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவனுக்குக் கணக்குப் பிடிக்கும். உண்மையிலேயே பிடிக்கும். அண்ணன் விட்ட இடத்தை நிரப்பத்தான் இவன் கொமர்ஸ் எடுத்தான் என்று வீட்டில் ஒரு நினைப்பு. இவனும் சில நேரம் அப்படித்தான் நினைத்திருக்கிறான். ஆனால் சோதனை மண்டப வாசலில் ஒருநாளும் இவனுக்குக் கால் கூசியதில்லை. ஒரே வீடு, ஒரே படிப்பு, ஆட்கள் வேறு.

"அண்ணா, மெமரி கார்டிலை உங்கடை பான்டுக்கு என்ன பேர் வச்சிருக்கிறியள், ஞாபகம் இருக்கோ?"

"இல்லையடா. என்ன?"

"சின்னவன்."

அது வீட்டில் தம்பியைக் கூப்பிடும் பெயர். அண்ணன் "ஓம், நீ மடியிலை ஏறி இருந்துகொண்டு எழும்ப மாட்டாய்" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கு என்று போனை வைத்துவிட்டான்.

அடுத்த நாள் கிற்றாரை மேலே கொண்டு வந்தான். அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தா. "உதை ஏன் மேலை கொண்டு வாறாய்? ஒருத்தனைக் கெடுத்தது காணாதே?"

அவன் ஒன்றும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்து அப்பா தேத்தண்ணியோடு இருந்த நேரம், ரசீதை மேசையில் வைத்தான். போகாத சோதனைகளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது அண்ணன் சொல்ல வேண்டியது. திகதியை மட்டும் விரலால் காட்டினான்.

அப்பா கண்ணாடியைப் போட்டார். ரசீதைக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், லைற்றுக்கு நேரே பிடித்தார்.

"சோதினை எப்ப முடிஞ்சது அந்த வருசம்?"

"நத்தாருக்கு முதல், அப்பா. எப்பவும் அப்பிடித்தான்."

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. அம்மா பைப்பை மூடிவிட்டு வந்து கதிரையில் இருந்தா. அப்பா ரசீதை மடித்தார், பிறகு விரித்தார்.

"பற்றரியைக் கழட்டி வச்சது நான்தான்" என்றார். "அவன் திரும்பி வந்தால் கேப்பான் எண்டு நினைச்சன்."

அதற்குப் பிறகு கன நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அம்மாதான் ரசீதை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தா, அவவுக்கு அது வாசிக்கத் தெரியாதது போல. அப்பா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பதரை.

"தம்பி, கல்கரியிலை இப்ப எத்தினை மணி?"

"ஏழரை, அப்பா."

"வேலையாலை வந்திருப்பான்" என்று சொல்லிவிட்டு, தன் போனை எடுத்து மேசைக்குக் குறுக்கே அவன் பக்கம் தள்ளினார். நம்பரை அமத்தித் தரச் சொல்லித்தான்.