செவ்வாய் பார்க்க ஒரு சனிக்கிழமை

வாணியம்பாடியில் இறங்கி, ஆலங்காயம் போய், அங்கிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறினால் காவலூர். ஊர் சின்னது. மரங்களுக்கு மேலே தலை நீட்டும் வெள்ளைக் கும்மட்டம்தான் பெருசு. உள்ளே 2.34 மீட்டர் டெலஸ்கோப். அதைக் கனவு கண்டவர் வேணு பாப்பு. 1982-ல் மனிதர் போய்விட்டார். 1986-ல்தான் திறப்பு விழா. ராஜீவ் காந்தி வந்து, பாப்புவின் பெயரையே சூட்டினார்.

நானும் நண்பனும் போனது 2018 ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை. நாலு நாள் முன்புதான் செவ்வாய் 5 கோடியே 76 லட்சம் கி.மீ. வரை நெருங்கி வந்திருந்தது. 'செவ்வாயைப் பார்க்க சனிக்கிழமை லீவா?' என்று மேனேஜர் கடித்தாராம்.

பார்வையாளர்களுக்கான சின்ன டெலஸ்கோப் முன்னால் க்யூ. ஊழியர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்.

"சூரியனைச் சுத்த நமக்கு 365 நாள், செவ்வாய்க்கு 687 நாள். உள் டிராக்குல ஓடற நாம அவரை மறுபடி எட்டிப் பிடிக்க சுமாரா 780 நாள் ஆகும்."

"அப்ப 26 மாசத்துக்கு ஒருக்கா பாக்கலாமா சார்?"

"பாக்கலாம். ஆனா இவ்வளவு கிட்டத்துல வரமாட்டார் தம்பி. அவர் பாதை ஒரு பக்கமா நீண்டது. நல்ல நெருக்கம் 15 இல்லேன்னா 17 வருஷத்துக்கு ஒருக்காதான்."

1988, 2003, 2018. அடுத்தது 2035. இதில் 2003 ஆகஸ்ட் 27 ரொம்ப விசேஷம்; சுமார் 60,000 வருஷங்களில் அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. நடுவில் வருவதெல்லாம் சும்மா தலைகாட்டல்தான். 2025 ஜனவரியில் 9 கோடியே 61 லட்சம் கி.மீ. தள்ளியே நின்றுவிட்டுப் போனார்.

வெள்ளி இன்னும் கிட்டே, 4 கோடி கி.மீ. வரை வரும், 584 நாளுக்கு ஒருமுறை. ஆனால் அப்போது சூரியன் பக்கம் நின்றுகொண்டு, இருட்டு முகத்தை நமக்குக் காட்டும். வீட்டுக்கு வந்து விளக்கை அணைத்துவிட்டு உட்காரும் விருந்தாளி!

எங்கள் முறை வந்தது. அங்கே அப்போது புழுதிப் புயல். செவ்வாய் வெறும் ஆரஞ்சு மிட்டாயாகத் தெரிந்தது.

இறங்கி வரும்போது நண்பன் விரல்விட்டு எண்ணினான். "2035-ல எனக்கு 44. 2050-ல 59, ரிட்டயர்மென்ட் வயசுடா." கொஞ்சம் பொறுத்து, "அப்பாவுக்கு இப்பவே 66" என்றான். அப்புறம் வாணியம்பாடி வரை பேசவில்லை.

2035 வரை அவன் காத்திருக்கவில்லை. 2020 அக்டோபரில் செவ்வாய் 6 கோடியே 21 லட்சம் கி.மீ.க்கு வந்தபோது, முழங்கால் வலிக்கார அப்பாவை மொட்டை மாடிக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். "மெதுவா ஏறுங்கப்பா" என்றானாம்.

"அவனே அவ்வளவு தூரம் வந்து நிக்கிறான். நான் இருபது படி ஏறமாட்டேனா?" என்றாராம் பெரியவர்.