லெப்டொப்பில் தேத்தண்ணி கொட்டினால்…



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகுதான் எங்கள் ஹட்டன் பக்கம் பல வீடுகளுக்கு லெப்டொப் வந்தது. அநேகமாகப் பாவித்ததுதான். தாய்மார் மத்திய கிழக்கில் உழைத்து அனுப்பிய காசில் வாங்கியதும் உண்டு. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியதோடு புதிது வாங்குவது எட்டாத விடயமாகிவிட்டது. ஆகவே இருப்பதைக் காப்பாற்றத்தான் வேண்டும்.

இங்கே கீபோர்ட்டைக் கெடுப்பவை மூன்று: ஈரக் காற்று, விறகடுப்புப் புகை, சீனி போட்ட தேத்தண்ணி. எழுத்துகளுக்குக் கீழே ரப்பர் குமிழ்களும் மின்கோடு பதித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்களும் இருக்கின்றன. தண்ணீர் காய்ந்துவிடும்; சீனி ஒட்டிக்கொண்டே இருக்கும். அதற்கும் கீழேதான் மதர்போர்ட்.

நாங்கள் தவணை விடுமுறையில் செய்வது இதுதான். சார்ஜரைக் கழற்றி, லெப்டொப்பை முழுதாக அணைப்போம். கவிழ்த்துப் பிடித்து மெதுவாகத் தட்டுவோம். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் இடுக்குகளைத் துடைப்போம். பிசுக்கு இருந்தால் 70 சதவீத ஐசோபுரொப்பைல் அல்கஹோலில் துணியை லேசாக நனைத்துத் துடைப்போம். கீபோர்ட்டில் நேரே ஊற்றவோ ஸ்ப்ரே பண்ணவோ கூடாது. அடுப்புக்குப் பக்கத்தில் பாவிக்கவே கூடாது, தீப்பிடிக்கும். எழுத்துகளைக் கத்தியால் நெம்பாதீர்கள். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கி உடைந்தால் திரும்பப் பொருந்தாது.

அல்கஹோல் பாவிக்கலாமா என்று சில பெற்றோர் கேட்டார்கள். இது குடிக்கும் பொருள் அல்ல, குடித்தால் நஞ்சு. கொரோனா காலத்தில் கைக்குத் தடவிய சனிடைசர்கள் சிலவற்றிலும் இந்த வகை இருந்தது. மார்க்க விளக்கத்தை உலமாக்களிடம் கேளுங்கள். மனம் ஒப்பாதவர்களுக்கு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும். ஆனால் சனிடைசரையே தடவ வேண்டாம். அதில் கிளிசரின் இருப்பதால் பிசுபிசுப்பு மிஞ்சும்.

தேத்தண்ணி கொட்டிவிட்டால் முதல் வேலை பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைப்பது. சார்ஜரைக் கழற்றி, விரித்தபடியே கூரை போலக் கவிழ்த்து வையுங்கள். பெட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். ஹெயார் டிரையர், வெயில், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். காய்ந்தது போலத் தெரிந்தாலும் போட்டுப் பார்க்காமல், திருத்துபவரிடம் கொண்டுபோய்த் திறந்து சுத்தம் செய்வியுங்கள்.

எங்களுக்குத் தெரிந்த உயர்தர மாணவி ஒருத்திக்கு, பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இப்படி நடந்தது. ஏச்சு விழும் என்ற பயத்தில் மேலே மட்டும் துடைத்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் பாவித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. பிறகு வீட்டார் காய வைப்பதற்காக அடுப்பங்கரையில் வைக்க, பெட்டரியும் உப்பிவிட்டது. டிஸ்க்கைக் கழற்றிப் பாடக்குறிப்புகளை மீட்க முடிந்தது, அல்ஹம்துலில்லாஹ். லெப்டொப்பை மீட்க முடியவில்லை.

அவள் அன்றே சொல்லியிருந்தால் ஒருவேளை தப்பியிருக்கும். அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்: பிள்ளை கொட்டிவிட்டால் முதலில் அணைக்கச் சொல்லுங்கள். ஏசுவதைப் பிறகு பார்க்கலாம். கொட்டினால் உடனே வந்து சொல்லலாம் என்ற தைரியத்தை இன்றைக்கே பிள்ளைக்குக் கொடுத்து வையுங்கள். பாடக்குறிப்புகளை ஒரு பென்டிரைவிலும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

தேவைப்படுவோருக்கு ஷெயார் பண்ணுங்கள். வஸ்ஸலாம்.