குன்றிமணிக் கணக்கு

துப்பாக்கிக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது. என் நாவல்களில் இரண்டே இடங்களில்தான் துப்பாக்கி வெடித்திருக்கிறது. இரண்டு தடவையும் குறி தவறியது. இந்த லட்சணத்தில் நான் தோட்டாவைப் பற்றி எழுதலாமா? எழுதப் போவது தோட்டாவைப் பற்றிக்கூட அல்ல. சுட்ட பிறகு மிஞ்சுகிறதே பித்தளைக் கூடு, அதன் எடையைப் பற்றி!

2018-ஆம் ஆண்டில் டெக்சாஸில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் எழுபதைத் தாண்டியவர். தொழிற்சாலையில் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மாலையானால் கார் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சிறு தராசு ஒன்றின் முன் உட்கார்ந்துவிடுவார். கூடு ஒன்றை எடுப்பார், நிறுப்பார், நோட்டில் குறிப்பார், மூன்று டப்பாக்களில் ஏதாவது ஒன்றில் போடுவார். நம் ஊர்ப் பத்தரிடம்கூட அத்தனை நிதானத்தை நான் கண்டதில்லை. அவராவது தங்கத்தை நிறுக்கிறார்!

மனிதர் மிருகத்தைச் சுடுகிறவர் அல்ல. நூறு கஜ தூரத்தில் காகிதத்தை நட்டு, ஐந்து குண்டுகளையும் ஒரே துவாரத்தில் செலுத்த முடியுமா என்று பார்க்கிற கூட்டத்தைச் சேர்ந்தவர். இவர்கள் கடையில் விற்கிற தோட்டாவை நம்புவதில்லை. சுட்ட கூட்டைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவந்து, புதிய மருந்தும் குண்டும் வைத்துத் தாமே தயார் செய்துகொள்வார்கள். தோட்டாவில் விலை உயர்ந்த பாகம் கூடுதான் என்பதால் பணமும் மிச்சம்.

எடையை அவர்கள் கிரெயின் கணக்கில் சொல்கிறார்கள். எனக்கு முதலில் தலைகால் புரியவில்லை. பிறகு பழைய வாய்ப்பாடு ஞாபகம் வந்தது: ஒரு தோலாவுக்கு 180 கிரெயின். கும்பினியாரின் வெள்ளி ரூபாய் அந்த எடைதான். ஒரு குன்றிமணி சுமார் இரண்டு கிரெயின். அவ்வளவுதான், விஷயம் நம் வீட்டு விஷயமாகிவிட்டது! .308 வின்செஸ்டர் என்கிற ரகத்தில், வின்செஸ்டர் கம்பெனிக் கூடு 160 கிரெயினை எட்டுவதே அபூர்வம். பின்லாந்து தேசத்து லாபுவா கூடு 170-க்கு மேல். ராணுவத்துக்கென்று மிசௌரியில் லேக் சிட்டி ஆலையில் செய்த கூடு ஏறக்குறைய ஒரு தோலா.

நிறுப்பதற்கு அவர் சொன்ன காரணம் எளியது. எல்லாக் கூடுகளும் வெளியே ஒரே அளவு. ஆகவே, பித்தளை அதிகமானால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தத்தில் எரியும்; குண்டு வேகமாகப் போகும்; துவாரம் விலகும். முப்பது வருஷமாக இந்தக் கணக்கில் நோட்டுகள் நிறைத்திருந்தார். முதல் இருபது நோட்டில் எழுத்து மனைவியுடையது. "நான் எடையைச் சொல்வேன், அவள் எழுதுவாள்" என்றார். வளைந்து வளைந்து ஓடும் அழகான எழுத்து.

நான் ஒரு பாமரக் கேள்வி கேட்டேன்: "பித்தளை உள்ளே தடித்திருக்கிறதா, வெளியே தடித்திருக்கிறதா என்பது தராசுக்கு எப்படித் தெரியும்?"

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு கூட்டின் அடியைத் திருப்பிக் காட்டினார். விளிம்பை ஒட்டி, கொக்கி பற்றி இழுப்பதற்காகக் கடைந்த ஒரு பள்ளம். அது ஒரு நூல் ஆழமாக இருந்தால் எடை குறையும். உள்ளே இடம் கூடாது. லேத் பிடித்த கைக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

"தண்ணீருக்குத் தெரியும்" என்றார்.

ஒரு முறை சுட்ட நூறு லாபுவா கூடுகளில் மிகக் கனமான மூன்றையும் மிக லேசான மூன்றையும் பொறுக்கினார். இரு கோஷ்டிக்கும் வித்தியாசம் இரண்டரைக் கிரெயின். அடித் துவாரத்தைப் பழைய பிரைமரே அடைத்திருந்தது. சொட்டுக் குழாயால் வாய் விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றாக நிறுத்தார். பித்தளை தண்ணீரைப் போல் எட்டரை மடங்கு கனம். எனவே அவருடைய சித்தாந்தம் முழுக்க மெய்யானாலும் கனத்த கூடு 0.3 கிரெயின் தண்ணீர்தான் குறைவாகக் கொள்ள வேண்டும். அரைச் சொட்டு கூட இல்லை! அந்த அரைச் சொட்டும் ஒழுங்காகக் கணக்குக்கு வரவில்லை. லேசான கூடு ஒன்று எல்லாவற்றையும்விடக் குறைவாகக் கொண்டது. கனமானது ஒன்று நடுவில் நின்றது.

மறுபடி நிறுத்தார். அதே விடை.

நான் கிளம்பிவிடலாமா என்று யோசித்தேன். ஒருவர் முப்பது வருஷத்தைத் திரும்பிப் பார்க்கும்போது பக்கத்தில் அந்நியன் நிற்பது சரியல்ல. ஆனால் அவர் நோட்டுகள் பக்கம் பார்வையைத் திருப்பவேயில்லை. மூன்று டப்பாக்களிலும் இருந்த கூடுகளை ஒரு பெரிய தகரத் தட்டில் கொட்டினார். சலசலவென்று நல்ல சப்தம்.

பேச்சை மாற்றுவதற்காக எங்கள் தேசத்துக் கதை ஒன்றைச் சொன்னேன். வெள்ளைக்காரர் காலத்தில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக் கூடுகள் யாரும் தொடாமலே விரிசல் கண்டன. லாயத்து அமோனியா காற்றும், பித்தளையை இழுத்து உருவாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை என்று 1921-இல்தான் விளக்கம் கிடைத்தது. "விரிசல் விடப்போகிற கூட்டுக்கும் எடை சரியாகத்தான் இருந்திருக்கும்" என்றார் கிழவர், முதல் தடவையாகச் சிரித்து.

மறுநாளும் தராசு முன் இருந்தார்! எனக்கு ஆச்சரியம். இந்தத் தடவை யாரோ விற்ற ஒரு பை நிறையக் கலப்புக் கூடுகள். ஒவ்வொன்றையும் வேகமாக நிறுத்துத் தள்ளிக்கொண்டே வந்தார், நோட்டு மூடியிருந்தது. 157, 156, 158 என்று வந்துகொண்டிருந்த தராசு திடீரென்று 179 என்றது. அடியைத் திருப்பினார்: லேக் சிட்டி முத்திரை. இருபத்திரண்டு கிரெயின் வித்தியாசம் அரைச் சொட்டு சமாசாரம் அல்ல. மெல்லிய கூட்டுக்கென்று உச்ச வரம்பு வரை அளந்த மருந்தை இதில் போட்டால், சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்று விதித்திருக்கும் அழுத்தம் எல்லை தாண்டும். கூடு கிழிந்தால் எதிரே காகிதம் இருக்கிறது; இந்தப் பக்கம் கண் இருக்கிறது.

அதை மட்டும் தனியே எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, பையில் மறுபடி கையை விட்டார்.