அவள் ஆக்கியவளை நான் எடுத்துக்கொண்டேன்

எங்கள் ஆட்டக் குழுவில் நான் ஆக்கியதாக எல்லோரும் நம்பும் பாத்திரங்களில் அதிகம் பேசப்பட்டவள் ஒரு தறிக்காரி. கையில் ஆயுதம் கிடையாது. தோளில் ஒரு சுருள் வெள்ளைத் துணி மட்டும் உண்டு. சண்டை நடக்கும் இடத்துக்குள் நடந்து போவாள். அடிபட்டுக் கிடப்பவன் எதிரி ஆளாக இருந்தாலும் குனிந்து கட்டுப் போடுவாள். அவளை ஆக்கியவன் நான் இல்லை. எங்களோடு விளையாட வந்த ஒரு பெண் ஆக்கினாள். அந்தப் பாத்திரத்தை நான் வேண்டாம் என்று தள்ளினேன். அந்தப் பெண் வருவதை நிறுத்திய பிறகு, எடுத்து என் பெயரில் நடமாட விட்டேன்.

இதை எழுத இத்தனை காலம் ஆனதற்கும் நானே பொறுப்பு.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்று ஒரு ஆட்டத்தை வெளியிட்டார்கள். சுற்றி உட்கார்ந்து வாயால் பேசியே ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். வாளை வீசினால் படுமா, மதில் ஏறினால் வழுக்குமா என்பதைப் பகடை சொல்லும். பலம், அறிவு, தாங்கும் சக்தி என்று ஆறு குணங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி, 3 முதல் 18 வரை விழுந்த எண்ணை எழுதிக்கொள்வது பழைய முறை.

நாங்கள் இதைத் தமிழில் ஆடுகிறோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன், வேலை ராஜபாளையத்தில். சில வாரம் அங்கே ஒரு மொட்டை மாடியில், சில வாரம் இங்கே ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில் கூடுவோம். மில் ஷிப்ட் முடித்து வருபவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கலந்த கூட்டம். எங்கள் கதை நடக்கும் உலகத்துக்கும் இந்த ஊர்களின் சாயல்தான். செண்பகத்தோப்புக் காடு உண்டு, அதில் சாம்பல் அணில்கள் உண்டு. அனுமன் தூக்கிப் போனபோது விழுந்த துண்டு என்று ராஜபாளையத்தில் சொல்லும் சஞ்சீவி மலையும் உண்டு. எங்கள் கதையில் அதன் மூலிகைகள் இன்னும் முளைக்கின்றன.

மாஸ்டர் நான்தான். பாத்திரங்களையும் நானே ஆக்கிக் கொடுத்தேன். 1974இன் விதிப் புத்தகத்தில், ஆடுபவருக்கான பகடையை நடத்துபவரே உருட்ட வேண்டும் என்று இருக்கிறது. யாராவது கேட்டால் அதைக் காட்டுவேன். ஆனால் உருட்டி விழுந்த எண்களை வைத்துக்கொண்டு இவன் யார், எந்தத் தொழில், என்ன பெயர் என்று தீர்மானிப்பது ஆடுபவர் உரிமை. அதையும் அதே புத்தகம்தான் சொல்கிறது. அந்தப் பகுதியை நான் யாருக்கும் காட்டியதில்லை.

நான் ஆக்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள்? அரசு இழந்த இளவரசன். சபிக்கப்பட்ட வில்லாளி. தன் குலத்தில் கடைசியாக மிஞ்சியவள். யாரும் தோற்க மாட்டார்கள். தோற்றாலும் அதைப் பார்ப்பவர் கண் கலங்க வேண்டும். 1973இல் பவுலா ஸ்மித் என்பவர் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர் இதழ் ஒன்றில், எல்லாம் தெரிந்த, எல்லோரும் வியக்கிற ஒரு பெண்ணை வைத்துக் குட்டிக் கதை எழுதினார். அவள் பெயர் மேரி சூ. எழுதுகிறவன் தன்னையே குறையில்லாமல் செய்து கதைக்குள் அனுப்புவதைக் காட்டத்தான் எழுதினார். அந்தப் பெயர் உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. எனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டேதான் செய்தேன். ஒவ்வொரு பாத்திரத்திலும் நான்தான் இருந்தேன், பாராட்டு கேட்டுக்கொண்டு.

இளவரசனுக்கு ஒரு ராஜபாளையம் நாயைத் துணையாகக் கொடுத்திருந்தேன். பால் வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. 2005இல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாய் என்று எங்கள் பக்கத்துக்கே பெருமை. என் கதையில் அது ஒரு காத தூரத்துச் சத்தத்தையும் கேட்கும். அந்தப் பெண் வந்த முதல் நாளே கேட்டாள்: “அண்ணே, இந்த ஜாதியில நெறையக் குட்டிக்குப் பொறவியிலேயே காது கேக்காதே? எங்க மாமா வீட்டு நாய்க்கும் கேக்காது. கைய ஆட்டித்தான் கூப்புடுவோம்.”

உண்மைதான். இந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு என்பது வளர்ப்பவர்கள் அறிந்தது. அவள் மேலும் சொன்னாள்: “காது கேக்காத நாயா இருந்தா இருட்டுக்குள்ள அத யாராச்சும் தொட்டுத்தான கூப்புடணும்? அப்ப மத்தவுகளுக்கும் வேல இருக்கும்ல.”

பாத்திரம் ஆக்கும் கலை முழுதும் அந்தப் பேச்சுக்குள் இருந்தது. நான் சிரித்துக் கடந்தேன். அன்றைக்கே அவள்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. வேறு பெயர் சொல்லி அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஒரு நாள் அவள் தன் பாத்திரத்தை ஒரு பள்ளி நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். ராஜபாளையத்தை ஒட்டிய சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். விசைத்தறிச் சத்தம் ஓயாத தெருக்கள் அங்கே உண்டு. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்கு வைக்கும் காஸ் துணி அங்கே நெய்யப்பட்டு, வெளுக்கப்பட்டு, சுருட்டப்பட்டு வெளியூர் போகிறது. அவள் வீட்டிலும் தறி வேலைதான். தன் வீட்டிலிருந்தே ஒருத்தியை எடுத்து மந்திர உலகத்துக்குள் அனுப்பியிருந்தாள்.

இரண்டு விதி வைத்திருந்தாள். துணி பத்து முழம்தான். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு முழம் குறையும். தீர்ந்தால் எங்காவது உட்கார்ந்து நெய்த பிறகுதான் மறுபடி கிடைக்கும், அதுவரை மற்றவர்கள் காவல் காக்க வேண்டும். இது ஒன்று. தன் உடம்பில் பட்ட காயத்தை அவளே கட்டிக்கொள்ள முடியாது. கூட இருப்பவர் ஒருவர் கட்டிவிட வேண்டும். இது இரண்டாவது.

“இது ஃபேன்டஸிக்குச் சரிவராதும்மா” என்றேன். “சண்டை போட மாட்டாள் என்றால் இவளுக்கு ஆட்டத்தில் என்ன வேலை?” அவள் வாதாடவில்லை. தாளை என் கோப்பிலேயே விட்டுவிட்டு, நான் கொடுத்த வில்லாளியை எடுத்துக்கொண்டாள். சில வாரம் ஆடினாள். பிறகு வரவில்லை. ஏன் என்று நான் விசாரிக்கவும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவன் இப்படிச் செய்தான் என்பதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. வேறொருவராக ஆகிப் பேசுவது எங்கள் ஊரில் நேற்று வந்த பழக்கமா? பெரியாழ்வார் யசோதையாகித்தான் கண்ணனைக் குளிக்கக் கூப்பிட்டார், காது குத்த அழைத்தார், நிலவைக் காட்டினார். அவர் மகள் ஆண்டாள் ஆயர்குலப் பெண்ணாகவே ஆனாள். ஊரை ஆயர்பாடியாக்கி, தோழிகளை ஆயர் சிறுமியராக்கி, வடபத்ரசாயி கோயிலை நந்தகோபன் மாளிகையாக்கினாள் என்பார்கள் வைணவப் பெரியோர். தயிரும் வெண்ணெயும் மணக்கிற அளவுக்கு அந்த வேடம் அவள்மேல் படிந்ததாம்.

திருப்பாவை முப்பதையும் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அதில் ஆண்டாள் தன்னை நடுவில் நிறுத்திக்கொள்ளவே இல்லை என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டேன். ஆறாம் பாட்டிலிருந்து பதினைந்தாம் பாட்டு வரை, வீடு வீடாகப் போய்ப் பத்துப் பெண்களை எழுப்புகிறாள். பத்துப் பேரும் பத்து விதம். ஒருத்தி மாமன் மகள். அவள் அம்மாவிடம் முறையிட வேண்டியிருக்கிறது. ஒருத்தி தூக்கத்தில் கும்பகர்ணனையே தோற்கடித்தவள். ஒருத்தி, நானே முதலில் வந்து உங்களை எழுப்புவேன் என்று சவடால் விட்டுவிட்டு உள்ளே படுத்திருப்பவள். பதினைந்தாம் பாட்டில் உள்ளே இருப்பவளும் வெளியே நிற்பவர்களும் மாறி மாறிப் பேசுகிறார்கள். எல்லோரும் சேர்ந்த பிறகே கோயில் காப்போனிடம் போகிறார்கள். முப்பதாம் பாட்டில்தான் வேடத்தை இறக்கி, இன்னார் மகள் கோதை சொன்னது என்று தன் பெயரைச் சொல்கிறாள். தான் ஆக்கியதற்குத்தான் தன் பெயரை இட்டாள். நான் அடுத்தவள் ஆக்கியதற்கு என் பெயரை இட்டேன்.

எங்கள் ஊர்க் கோயிலில், பாசுரங்களைப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவை பார்த்து வளர்ந்தவன் நான். அதில் முத்துக்குறி என்ற பகுதியில் அரையர் ஒருவரே தாய், அவரே மகள், அவரே குறி சொல்லும் கட்டுவிச்சி. தலையில் அரையருக்குரிய குல்லாய் அப்படியே இருக்கும். குரலும் கையும் மாறும். மகளுக்கு வந்திருக்கும் நோய் என்ன என்று தாய் தவிக்கிறாள். கட்டுவிச்சி முத்துகளை வைத்துக் குறி பார்க்கிறாள். முத்து என்ன சொல்கிறதோ அதற்கு அவளும் கட்டுப்பட்டவள். என் ஆட்டத்தில் பகடை எனக்குப் பிடிக்காத எண்ணைக் காட்டினால், தட்டி மறைவுக்குப் பின்னால் அதை மாற்றிச் சொல்லியிருக்கிறேன். என் பாத்திரங்கள் பிழைக்க வேண்டும் என்பதற்காக. இதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

தறிக்காரியைத் திருடியது எப்படி? புதுக் கதை ஒன்று தொடங்கும்போது என் கையிருப்பில் சரக்கு இல்லை. கோப்பைத் திறந்தேன், அந்தத் தாள் கிடைத்தது. நடை கொஞ்சம் மாற்றினேன். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டேன். பத்து முழக் கணக்கு ஆட்டத்தை இழுக்கும் என்று அதையும் எடுத்தேன். தன் காயத்தைத் தானே கட்டக் கூடாது என்ற விதி பலவீனமாகத் தெரிந்தது, அதையும் நீக்கினேன். மாஸ்டர் நடத்தும் துணைப் பாத்திரமாக இறக்கினேன். எல்லோரும் சொக்கிப்போனார்கள். “அண்ணே, நீங்க செஞ்சதுலயே இதான் டாப்பு” என்றான் ஒரு தம்பி. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். நன்றி சொன்னேன்.

கதையின் உச்சத்தில், செண்பகத்தோப்பில், மழையில், அவளைத் தனியாகச் சாகவிட்டேன். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சற்றுப் போனார்கள். எனக்கு அது பெரிய வெற்றியாக இருந்தது. பிறகு குறிப்புத் தாளை அழகாக அச்சடித்து, ‘ஆக்கம்’ என்று என் பெயரைப் போட்டு, மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஆடுகிறவர்களுக்கும் கொடுத்தேன்.

அந்தத் தாள்களில் ஒன்று சுற்றிச் சுற்றி அவள் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவள் என்னிடம் சண்டைக்கு வரவில்லை. வேறொருவர் மூலம்தான் எனக்குத் தெரிந்தது. நான் போய்ப் பார்த்தேன். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவள் கோபப்படவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. இரண்டே கேள்வி கேட்டாள்.

“அவ சாகுறப்ப கையில எத்தன மொழம் இருந்துச்சு?”

கணக்கே வைக்கவில்லை என்றேன்.

“பக்கத்துல ஒருத்தர் கூடவா இல்ல, கட்டிவிட?”

அந்த விதி இருந்திருந்தால், மேசையைச் சுற்றி இருந்த யாராவது தன் ஆளை ஆபத்துக்குள் அனுப்பி அவளைக் காப்பாற்றத் துணிந்திருப்பார்கள். பகடை உருண்டிருக்கும். அவள் பிழைத்தும் இருக்கலாம். அந்த வாய்ப்பை அவளிடமிருந்தும் ஆடியவர்களிடமிருந்தும் பறித்துவிட்டு, நான் ஒருவனாக ஒரு சாவை எழுதிக்கொண்டேன்.

குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். ஆட்டம் நடத்துவதை வேறொருவர் ஏற்றிருக்கிறார். இப்போது அவரவர் பாத்திரத்தை அவரவரே ஆக்குகிறார்கள். நான் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து எனக்கு விழுந்த எண்களோடு ஆடுகிறேன்.

நான் அச்சடித்த அந்தத் தாளை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘ஆக்கம்’ என்ற இடத்தில் உள்ள என் பெயரை அடித்துவிடுங்கள். தன் பெயரைப் போட அவள் சம்மதிக்கவில்லை; அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். ஊர் சத்திரப்பட்டி என்று எழுதுங்கள். கீழே இந்த இரண்டு விதியையும் சேருங்கள்: துணி பத்து முழம், தன் காயத்தைத் தானே கட்டக் கூடாது. அவள் செத்துப்போனதாக நான் எழுதியதை உங்கள் ஆட்டத்தில் சேர்க்காதீர்கள்.